வெளுத்தது வேறு, செத்தது வேறு

என் அண்ணி லிஃப்ட் மெக்கானிக். பிடித்தால் உடும்புப் பிடி. எங்கள் ஹாலில் அவள் வைத்திருக்கும் உப்புநீர்த் தொட்டியில் பவளங்கள் வளர்கின்றன. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அவை உயிருள்ள பிராணிகள். இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

போன மாதம் அவை வெளுக்க ஆரம்பித்தன. பழுப்பும் பச்சையுமாக இருந்தவை சுண்ணாம்பு அடித்தாற்போல ஆயின. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தொட்டியைத் தூக்கிப் போகும்படி அண்ணன் தன் ஆபீஸ் நண்பரிடம் சொல்லிவிட்டான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்பதுதான் அவன் குணம்.

"செத்ததைப் பாத்துட்டே உக்காந்திருப்பியா?" என்று கேட்டான்.

"செத்துச்சுன்னு யார் சொன்னா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்றாள் அண்ணி.

வண்ணமீன் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு நாலைந்து மருந்துகளை எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் ஊற்றித்தான் பார்ப்போமே என்று நானும் சொன்னேன். அண்ணி மசியவில்லை. நின்றுபோன லிஃப்டில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைத்தால், அது ஓடினாலும் எது பழுது என்று தெரியாது, அடுத்த முறை ஆளோடு நிற்கும் என்றாள்.

தண்ணீரின் உப்பையும் சூட்டையும் சோதித்தாள். இரண்டும் சரி. டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். செத்த இடத்தில் பாசி படருமாம். எங்கும் பாசி இல்லை. இறால் துணுக்கு ஒன்றை மெல்ல விட்டாள். வெள்ளைப் பவளத்திலிருந்து பொடிப்பொடியாகக் கைகள் நீண்டு அதை இழுத்துக்கொண்டன. பசிக்கிறதென்றால் உயிர் இருக்கிறது.

பிறகுதான் கவனித்தாள்: மேற்பக்கம் மட்டும்தான் வெளுத்திருந்தது. ஒரு கிளையின் நிழல் விழுந்த இடமெல்லாம் பழைய பழுப்பு நிறம். தண்ணீரில் கோளாறு என்றால் நிழலை மட்டும் விட்டுவைக்குமா? ஸ்டூலில் ஏறி, தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கைப் பார்த்தாள். எப்போதும் உப்புப் படிந்து மங்கிக் கிடக்கும் அதன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

வீட்டில் மூன்று பேர். நான் துடைப்பம் தொடாதவள் என்பது ஊரறிந்த விஷயம். மிச்சம் அண்ணன்தான். வேலை முடித்துக் களைத்து வருகிறவள் சந்தோஷப்படட்டும் என்று துடைத்து வைத்தானாம். மங்கலுக்குப் பழகியவற்றின் மேல் வெளிச்சம் திடீரென்று உச்சிவெயிலாக இறங்கியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவனை நாலு வார்த்தை கேட்க நான் வாயைத் திறந்தேன், அண்ணி ஒரே பார்வையில் அடக்கிவிட்டாள். விளக்கை ஒரு சாண் மேலே தூக்கி மாட்டினாள், அவ்வளவுதான். வேறு எதையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. பவளங்கள் அப்படியே வெள்ளையாகத்தான் இருந்தன. நிறம் திரும்ப மாதக்கணக்காகும் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தாள். அண்ணன் எங்கே பேச்சு மாறாமல் தூக்கிக் கொடுத்துவிடுவானோ என்று நான் தொட்டியை ஒட்டிப் போய் நின்றேன். கதவைத் திறந்தவன் வாசலை மறித்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க, தர்றதுக்கில்ல. வெளுத்துத்தான் போயிருக்கு, சாகல. என்னால வந்தது. தேத்தி எடுக்கணும்" என்றான்.

அத்தனை நாளும் கல்லு மாதிரி இருந்த அண்ணி, வண்டி கிளம்பிப் போன பிறகு தொட்டிமேல் நெற்றியை வைத்து அழுதாள்.