சுவர்ப் பக்கம் திரும்பிய விளக்குகள்

மலேசியாவில் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் மண் அகல்களை வாங்கி வந்து கையால் வண்ணம் தீட்டி விற்கிறேன். ஸ்கூடாயில் என் வீட்டு முன்புறப் போர்ச்சுதான் பட்டறை. புது அகல் எண்ணெய் குடிக்காமலிருக்க முதலில் தண்ணீரில் ஊறவைப்பேன். பிறகு நன்றாகக் காய்ந்தால்தான் வண்ணம் பிடிக்கும்.

அந்தத் தீபாவளிக்குக் கேட்டவர்களிடமெல்லாம் "செஞ்சிடலாம் லா" என்று தலையாட்டிவிட்டேன். மழையோ விடவில்லை. ஈரம் போகாத அகல்களின் மேலேயே வண்ணம் பூசிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அழகாகத்தான் இருந்தன.

தீபாவளியன்று, என்னிடம் விளக்கு வாங்கிய மல்லிகா அக்கா விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். வாசலில் சுவரோரமாக என் விளக்குகள் வரிசையாக எரிந்தன. "எல்லாம் இவங்க கையால செஞ்சதுங்க. நீங்களும் ஆர்டர் கொடுங்க லா," என்று வந்தவர்களிடம் என்னைக் காட்டினார்.

பூரித்துப்போய், அணைந்திருந்த ஒன்றைக் குனிந்து எடுத்தேன். சுவரைப் பார்த்த பக்கத்தில் வண்ணம் செதில் செதிலாக உரிந்து வெறும் மண் தெரிந்தது. அடுத்ததும் அப்படித்தான். எல்லாவற்றையும் உரிந்த பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார்.

அக்கா என் கையிலிருந்ததை வாங்கி, பழையபடியே வைத்தார்.

"நாலு பேர் வர்ற இடம்மா. உங்க பேர் கெட்டுடக் கூடாதுல்ல. வாங்க, சாப்பிடலாம்."

திட்டியிருந்தால் மழையின் மேல் பழி போட்டிருப்பேன். அக்காவோ என் தட்டில் முறுக்கை வைத்தார்.

இப்போது போர்ச்சில் காய இடமும் நாளும் இருக்கும் அளவுக்குத்தான் ஆர்டர் எடுக்கிறேன். பெட்டியில் வைக்கும் முன், ஒவ்வொரு விளக்கிலும் சுவர் பார்க்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.