பைக்குப் பிடித்த நாற்காலி

நகங்களை நக்கினால்தான் மிச்சியோவுக்குக் கச்சேரி தொடங்கும். கோத்தோ என்கிற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தை மீட்ட விரல்களில் மாட்டும் நகம் அது. தோல் வளையத்தில் எச்சில் பட்டால்தான் வழுக்காமல் நிற்கும். "அதத் தின்னுட்டா அப்புறம் எத வெச்சு வாசிப்பீங்க?" என்பான் டிரம்ஸ் அடிக்கும் கராசாவா.

"ஒன் குச்சியையும் நக்கிப் பாரு. தாளமாச்சும் நிக்கும்."

தன்னைவிட நீளமான கோத்தோவைத் துணியில் சுற்றி, கோபே ரயிலில் கதவோரம் நிறுத்திக்கொண்டு வருவாள். என்னவென்று கேட்டால், "உள்ள ஒருத்தர் தூங்குறாரு, மெதுவாப் பேசுங்க" என்பாள். கேட்டவர் இறங்கும்வரை கிசுகிசுப்பார்.

ஜாஸில் சுரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறும். கோத்தோவிலோ ஒவ்வொரு தந்திக்கும் அடியில் அதைத் தாங்கும் சின்னக் கட்டையாக ஒரு குதிரை. வலக்கை மீட்டும்போதே இடக்கை பாய்ந்து குதிரையை நகர்த்தினால்தான் சுரம் மாறும். பந்தியில் ஒற்றை ஆளாகப் பரிமாறுகிற மாதிரிதான் வாசிப்பாள்.

அக்கா சுமிக்கோவும் கோத்தோக்காரிதான், மரபு பிசகாதவள். தங்கை ஜாஸுக்குப் போனதிலிருந்து பேச்சில்லை. "தகர டப்பா பக்கத்துல போய் உக்காந்துட்டா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். மிச்சியோ மட்டும் ஞாயிறுதோறும் தான் வாசிக்கும் காப்பிக்கடையின் முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் கைப்பை வைத்துப் பிடித்துவிடுவாள். யாராவது கேட்டால், "பைக்கும் கால் வலிக்கும்ல?" என்பாள்.

போன ஞாயிறு மதியம் ஒரு கிமோனோ வந்து அந்த நாற்காலி முன் நின்றது.

"பைய எடுடீ."

"லேட்டா வந்தா பை எந்திரிக்காது, அக்கா."

சுமிக்கோ பையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்திரிப் பலகைபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிச்சியோ நகங்களை இரண்டாம் முறையும் நக்கினாள்.

மிச்சியோ தானே கட்டிய பாட்டு அது. பாதியில், அக்கா எதிரில் அசத்த நினைத்த கராசாவா போட்ட போட்டில் மேடை அதிர்ந்தது; ஒரு குதிரை கவிழ்ந்து தந்தி தொளதொளத்தது. மிச்சியோவின் இரண்டு கைகளும் வேறு தந்திகளில்.

பை தரையில் விழுந்தது. முன்வரிசையிலிருந்து சுமிக்கோவின் கை நீண்டு குதிரையை நிமிர்த்தியது. மரபு சொல்லும் இடத்தில் அல்ல. ஒரு விரற்கடை தள்ளி, அந்தப் பாட்டுக்கு மட்டுமே வேண்டிய இடத்தில். பலமுறை கேட்காதவளுக்கு அந்த இடம் தெரிய வழியில்லை.

மிச்சியோ நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்து சுரம் மாறும் இடம் வந்தபோது, குதிரைக்குப் பாய வேண்டிய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.