தொட்டால் அறும் இழை

மகளின் தாடைக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்த பிறகுதான், "ஒண்ணும் ஆகல நைனா" என்று அவள் போனில் சொன்னது பொய் என்று தெரிந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவள் பையை வாங்கிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். படித்தது இயற்பியல். அவள் பேசுவதில் பாதி புரிவதற்கு மட்டுமே அந்தப் படிப்பு உதவியிருக்கிறது. எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதிக் கிளம்பும் ஈர்ப்பலை, பூமியைக் கடக்கும்போது ஒரு கண்ணாடியை அணுவைவிடவும் சிறிய அளவு அசைக்குமாம். அதை அளக்கும் கருவிக்காகத்தான் அவள் உழைக்கிறாள். நாற்பது கிலோ கண்ணாடியை, குண்டூசிப் பருமன்கூட இல்லாத நான்கு கண்ணாடி இழைகளில் தொங்கவிட வேண்டும். போன வாரம் சோதனைக்காக எடை கட்டிய ஓர் இழை அறுந்துவிட்டது. தெறித்த சில்லு முகக் கவசத்துக்குக் கீழே புகுந்துவிட்டது. இன்னும் நாலு விரல் மேலே என்றால் கண். அந்த நினைப்பு என்னை இன்றுவரை விடவில்லை.

"ஸ்டீல் கம்பில மாட்டினா இன்னா? கண்ணாடியிலயா எடையத் தொங்க விடுவாங்க?" என்று கடையில் உட்கார்ந்ததும் கத்தினேன்.

"கம்பி ரொம்ப இரைச்சல் நைனா."

எந்தப் பொருளும் தன் சூட்டில் உள்ளுக்குள் ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் ஈர்ப்பலையின் சிறு அசைவு அமுங்கிப்போகும். அதைத்தான் வெப்ப இரைச்சல் என்கிறார்கள் என்றாள். அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வாங்க வந்திருந்த ஆசாரி சிரித்தார்.

"சூடுதான் தொல்லைன்னா அந்த மெஷின இந்தப் பக்கம் கொண்டாந்துடாத பாப்பா. சித்திரையில ராஜகிரிக் கோட்டைப் பாறையில தோசை ஊத்தலாம்."

அவளும் சிரித்துவிட்டு, என் டீ கிளாஸைச் சுண்டினாள்.

"கேளு. ரொம்ப நேரம் ஒலிக்கிற பொருள், நடுக்கத்தையெல்லாம் தன்னோட ஒரு சுருதியிலயே வெச்சிக்கும். மத்த சுருதியெல்லாம் அமைதியா கிடக்கும். கம்பி அப்படியில்ல, எல்லா சுருதியிலயும் இறைச்சிடும். எங்க இழைய வெற்றிடத்துல மீட்டினா நாள்கணக்கா அடங்காது."

முப்பது வருடமாகக் கண்ணாடியோடு கிடக்கும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. வாயைப் பிளந்து கேட்டேன். ஆனால் பயம் போகவில்லை.

"அவ்ளோ நல்ல இழைன்னா ஏன் அறுந்துச்சி?"

அவள் என் கையைப் பார்த்தாள். ஆசாரிக்காக வெட்டிய கண்ணாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பிசிறு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதனாலதான். பெட்டியிலேருந்து எடுக்கும்போது என்னையறியாம தடவிட்டேன். கையுறை போட்டிருந்தேன். இருந்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துடுச்சி. அது போதும் அதுக்கு."

மேலே விளக்கம் தேவைப்படவில்லை. கட்டரால் ஒரு கீறல் போட்டுவிட்டுத் தட்டினால் எவ்வளவு பெரிய கண்ணாடியும் அந்தக் கோட்டில் பிளக்கும். என் பிழைப்பே அதில்தான். நடை பழகிய நாளிலிருந்து அவள் பார்த்த என் கட்டைவிரல்தான் அந்த இழையை அறுத்திருக்கிறது.

"யாருக்காவது தெரியுமா?"

"லேப் நோட்டுல எழுதிட்டேன், நான் தொட்டேன்னு."

கடையில் என் கை தவறி உடைந்த எத்தனையோ கண்ணாடிகளுக்கு, 'சரக்கு மட்டம்' என்று சொல்லியே தப்பித்தவன் நான். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

இருந்தாலும், இந்த வேலையை விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதச் சொல்லிப் பேச்சை எடுத்தேன்.

"நான் போகலன்னா வேற யாராவது கண்ணாடிய உருக்கிப் புது இழை இழுப்பாங்க நைனா. ஆனா தொட்டது நான்தானே?"

போய்விட்டாள். புது இழையை அவளே இழுத்து, அவளே எடையைத் தொங்கவிட்டிருக்கிறாள். தினமும் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும் முன் போன் போடுகிறேன்.

"தொங்குதா?"

"தொங்குது."

"நீ எங்க நிக்கற?"

"தள்ளித்தான் நிக்கறேன். நீ போய் கடையத் தொற."