பவுனின் உலையில் நாற்பது டிகிரி

முனைவர் பவுனுக்கு மொத்தம் முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகள். அதில் முப்பத்தேழும் சேர்ந்து முந்நூறு தடவைதான் பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்று மட்டும் தனியாக நானூற்றுப் பன்னிரண்டு. சமையல் வாயுக் கசிவை மோப்பம் பிடிக்கும் சின்னப் பீங்கான் தகடு பற்றியது அது. தகட்டை அறுநூற்றைம்பது டிகிரியில் சுட்டெடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அதன் சாரம். கொரியாவிலும் போலந்திலும் யாரோ எதையோ சுடுவதற்கு முன் பவுனின் பேரைப் போட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் புனேயில் ரயிலிறங்கியவர் பவுன். இன்று அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. ரிக்‌ஷாக்காரரிடம் மராத்தியில் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். புனேயிலேயே கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து, அங்கேயே ரயில்பெட்டிகளைப் பராமரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் ஜெயசீலன் அவர் கணவர்.

சென்ற ஆண்டு பதவி உயர்வுக்கான நேர்காணல் வந்தது. விண்ணப்பத்தின் முதல் வரியே அந்த நானூற்றுப் பன்னிரண்டுதான். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆய்வகத்துக்குப் புது உலை வந்திறங்கியது. ஆசையாக அதே தகட்டை அதில் சுட்டுப் பார்த்தார். வரவில்லை. ஒன்பது தடவை சுட்டும், வாயுவை முன்னால் நீட்டினால் தகடு தேமே என்று இருந்தது. உலை விற்றவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். அவரும் பாவம், இரண்டு நாள் வந்து கழற்றி மாட்டினார்.

அப்புறம்தான் பவுனின் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. சுத்தமான அலுமினியம் அறுநூற்றறுபதில் உருகும். ஆளுக்கு ஆள் அது மாறாது. புது உலையிலும், கட்டுரைக்காகச் சுட்ட பழைய உலையிலும் ஆளுக்கொரு துண்டு அலுமினியக் கம்பியை வைத்தார். புதியதில் சரியாக அறுநூற்றறுபதில் உருகியது. பழையதில் திரை அறுநூற்றிருபது காட்டும்போதே உருகிவிட்டது. வெப்பம் அளக்கும் கம்பியின் நுனி உலையின் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் தட்டு இடிக்கிறதென்று அதை நாலு விரல் பின்னால் இழுத்து வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான், முதல் வருஷத்திலேயே. பின்னால் சூடு குறைவு; திரை நாற்பது டிகிரி குறைத்தே காட்டிவந்தது. ஆக, அந்தப் புகழ்பெற்ற அறுநூற்றைம்பது உண்மையில் அறுநூற்றுத் தொண்ணூறு.

பழைய கடிதங்களைத் தேடியெடுத்தார். அவர் சொன்ன சூட்டில் தகடு சரியாக வரவில்லை என்று நாலைந்து பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். தகடு செய்யும் பொடியை நன்றாகக் கழுவுங்கள் என்று அத்தனை பேருக்கும் புத்தி சொல்லியிருந்தார்.

பக்கத்து ஆய்வகத்து விஸ்வேஸ்வரனிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "இப்ப யாரு உங்களக் கேட்டா? நேர்காணல் முடியட்டும். அப்புறம் ஆற அமரத் திருத்தம் அனுப்புங்கோ. அனுப்பலேன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது."

வீட்டில் ஜெயசீலன் முதலில் கேலிதான் பேசினார். "நாப்பது டிகிரின்னா நம்ம புனே மே மாசம். அதுக்கா பவுனு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

பவுன் சிரிக்கவில்லை. கடிதம் எழுதியவர்கள் கதையைச் சொன்னார். ஜெயசீலன் கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தார். "எங்க ஷெட்ல பிரேக்குல கோளாறு கண்டா எழுதிக் கையெழுத்துப் போட்டுருவோம். வண்டி லேட்டாகும், மேல இருந்து திட்டு வரும். ஆனா வீட்டுக்கு வந்தா தூக்கம் வரும். உனக்கு ரெண்டு நாளா வரலியே."

மறுநாள் காலையிலேயே திருத்தம் கட்டுரை வெளியான இதழுக்குப் போனது. கழுவும்படி புத்திமதி வாங்கியவர்களுக்கும், திட்டு வாங்கிய உலைக்காரருக்கும் தனித்தனியே மன்னிப்பும் போனது.

நேர்காணல் குழுவில் ஐந்து பேர். சிறந்த கட்டுரையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதில் ஒரு எண் தப்பு என்றுதான் பவுன் ஆரம்பித்தார். அப்படியானால் இந்த நானூற்றுப் பன்னிரண்டை நாங்கள் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்றார் ஒருவர். அது உங்கள் இஷ்டம், ஆனால் சுடுகிறவர்கள் இனி அறுநூற்றுத் தொண்ணூறில் சுட வேண்டும் என்றார் பவுன். தலைவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அலுமினியக் கம்பியைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார்.

பதவி உயர்வு வந்தது. கூடவே இன்னொரு தாளும் வந்தது: கட்டிடத்திலுள்ள பதினொரு உலைகளையும் ஆண்டுதோறும் சரிபார்க்கும் பொறுப்பு இனி முனைவர் பவுனுடையது. யாரும் சீந்தாத வேலை. பவுன் ஒரு சுருள் கம்பியோடு, கொலு பார்க்கப் போகிறவர் மாதிரி அறை அறையாகப் போனார். எட்டு உலைகள் தேறின. தேறாத மூன்றில் ஒன்று விஸ்வேஸ்வரனுடையது. இருபத்தைந்து டிகிரி பிசகு.

அவர் திரையையும் பவுனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கோ," என்றார். "அந்தத் திருத்தத்த எப்படி ஆரம்பிச்சேள்? கொஞ்சம் காட்டுங்கோ."