அம்மா வளர்த்த ரூபார்ப் செடி

எங்கள் அம்மா மன்னார்குடியில் பிறந்தார். அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மாண்ட்ரியலில் பொறியாளர் வேலை கிடைக்க, என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு அந்நகரை ஒட்டிய பியர்ஃபான்ட்ஸுக்குக் குடிவந்தார். கீரை இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பனி உருகியதும் பக்கத்து வீட்டு மதாம் தன் தோட்டத்தில் புளிப்புத் தண்டுக்காக வளர்த்த ரூபார்ப் செடியின் கிழங்கில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, பிரெஞ்சில் ஏதேதோ சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதல் வருடம் பறிக்கக் கூடாது என்பது மட்டும் சைகையில் புரிந்ததாம்.

மறு வசந்தத்தில் சேம்பு மாதிரி இலை விரிந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புத் தண்டைச் சாம்பாருக்கு எடுத்து வைத்துவிட்டு, இலையை ஆய்ந்து மசியல் வைத்தார். சுவாமிக்குக் காட்டி, காக்கைக்கு வைக்காமல் அவர் ருசிகூடப் பார்க்க மாட்டார். அன்றும் மசியல் பிசைந்த சோற்றை வேலிமேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். சத்தம் கேட்டு வந்த மதாம், இது என்ன பச்சையாக என்று சைகையில் கேட்டார். அம்மா பெருமையாகச் செடியைக் காட்டினார்.

"நோ, நோ! லீஃப் பாய்சன்!"

மதாம் செருப்போடு எங்கள் சமையலறைக்குள் ஓடிவந்தார். பசி தாங்காமல் தானே போட்டுக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தான் தம்பி. வாயருகே போன கவளத்தைத் தட்டிவிட்டார்.

மாலையில் வந்த அப்பா, "அந்தச் சனியனைப் பிடுங்கி எறி" என்றார்.

"செடி என்ன பண்ணும்? புரிஞ்ச மாதிரி தலையாட்டினது நான்னா" என்றார் அம்மா. தம்பியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

செடி பிழைத்தது. தண்டில் பச்சடி, குழம்பு என்று அம்மாவின் கை தேர்ந்தது. புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கிழங்கு கொடுத்தால், தானே போய் எரு போட்டு நட்டுத் தருவார். அவர்கள் முதன்முதலில் சமைக்கும் அன்று மறுபடி போய், இலையைக் குப்பையில் கொட்டும்வரை அங்கேயே நிற்பார். நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிக்க மாட்டார்.

சென்ற ஆண்டு, எங்களை விட்டுப் போகும்முன் நோயில் படுத்திருந்தபோதும், பார்க்க வந்தவர்களிடம், "எலையைக் கொட்டிட்டேளா?" என்றே கேட்டார். இத்தனை வருடமும் அம்மா தன்னை மன்னிக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மனது தாங்கவில்லை.

அந்நாட்களில் சமைத்துக் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போனவர்களுக்கும், எல்லோருக்கும் மேலாக மதாமுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மா, தம்பி இப்போது அப்பாவைவிட உயரம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மா.