மேடைக்கு முகம் வேண்டுமாம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நடந்தது இது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டில் இருந்த கோடை விடுமுறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை மலைக்கோட்டைப் பாறை சாயங்காலம் ஊருக்குள் திருப்பிக் கொடுக்கிற மே மாதம்.

சென்னையிலிருந்து பெயர்பெற்ற நடன ஆசிரியை ஒருவர் வந்து பத்து நாள் சிறப்பு வகுப்பு நடத்தப்போகிறார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பத்துப் பேரைத்தான் எடுப்பார்களாம். அந்தப் பத்தில் இரண்டு பேரைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஒரு வருடம் தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லிக் கொடுப்பாராம். இது போதாதா? பழனி, வத்தலக்குண்டு, சின்னாளப்பட்டியிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

எங்கள் அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்பது அவர் கட்சி. அம்மா மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்துதான் எனக்கு அனுமதி வாங்கினார். அம்மா பேசாமல் இருப்பதை எங்கள் வீட்டில் யாராலும் தாங்க முடியாது.

என்னோடு என் தோழியும் வந்தாள். ஒரே தெரு, ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வந்த நடன மாஸ்டரிடம் நான்கு வருடம் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். என்னைவிட அவள் நன்றாக ஆடுவாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. நெற்றி, கன்னம், மூக்கு என்று எங்கும் தழும்பு. ஆடத் தொடங்கினால் தழும்புகள் கண்ணில் படாமல் போய்விடும் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை, நன்றாகவே தெரியும். அவள் அந்த முகத்தோடுதான் ஆடினாள். கோபம் என்றால் நமக்குப் பயமாக இருக்கும். சிரிப்பு என்றால் நமக்கும் வாய் விரிந்துவிடும்.

தேர்வு அன்று பள்ளிக்கூடத்து ஹாலின் வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வகுப்பை ஏற்பாடு செய்த மாதர் சங்கத்தின் காரியதரிசி அம்மாள் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அந்த ஆசிரியை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் கொடுத்தவர்கள் உள்ளே போய் ஆடிக் காட்ட வேண்டும். என் தோழி எனக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்ததும் காரியதரிசி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"நீ வீட்டுக்குப் போம்மா."

"ஏங்க?"

"இது பதம், அபிநயம்னு முகத்துல காட்டுற வித்தை. மேடைக்கு முகம் வேணும்ல?"

ஆசிரியை ஒரு தரம் தலை தூக்கிப் பார்த்தார். மறுபடி விசிறத் தொடங்கினார். என் தோழி வரிசையை விட்டு விலகினாள். அடுத்து நான்.

நான் என் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். உள்ளே போய் ஆடினேன். பத்துப் பேரில் ஒருத்தி ஆனேன். இவ்வளவுக்கும் நடுவே வேறு ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்த அனுபவத்தைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் தோழி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"கெடைச்சிருச்சாடி?"

தலையாட்டினேன்.

"அப்ப அங்க என்னென்ன சொல்லித் தாராங்களோ, அம்புட்டையும் எனக்கு வந்து சொல்லித் தரணும். சரியா?"

சரி என்றேன். அந்த நேரத்தில் என் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

முதல் நாளே ஒரு சோதனை வந்தது. ஆசிரியை தாளம் தட்டும் கழியை நீட்டி, அதன் மேல் எல்லாரையும் கைவைக்கச் சொன்னார். 'இங்கே கற்பதை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே யாருக்கும் கற்றுத்தர மாட்டேன்' என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். சொல்லும்போதே மீறப்போகிறேன் என்று தெரியும். கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை வகுப்பு. ஆசிரியை அபாரமானவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொந்தமாக அமைத்த ஒரு பதத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தோழியைத் தூது அனுப்பிவிட்டு, அவள் என்ன பதில் கொண்டுவருவாளோ என்று காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்று நின்று தொடை இரும்பாகிவிடும். வகுப்பு முடிந்ததும் நான் நேராகப் பூக்கடைக்கு நடப்பேன்.

தோழியின் அப்பா பூ கமிஷன் கடை வைத்திருந்தார். நிலக்கோட்டைப் பக்கமிருந்து விடியற்காலை வரும் மல்லிகையும் கனகாம்பரமும் பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். பிறகு கடைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையைக் கழுவிவிடுவார்கள். வெறும் சிமெண்டுத் தரை, காலுக்கு ஜில்லென்று இருக்கும். ஓரமாக நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் எங்களுக்குச் சபை.

நான் ஆடிக் காட்டுவேன். அவள் இரண்டே தடவையில் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "தோழி இன்னும் வரலைல்ல? பின்ன இந்த எடத்துல எதுக்குக் கண்ணு கீழ போகுது? வாசலைத்தானடி பாக்கணும்?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? மறுநாள் வகுப்பில் அதையே ஆசிரியையிடம் கேட்பேன். அவர் கழியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கேள்வி. இதைக் கேக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் பதம் ஆட வரும்" என்று சொல்லி, விளக்கம் கொடுப்பார். இப்படி ஒன்றல்ல, தினம் ஒரு கேள்வி. ஆறாம் நாள் எல்லார் முன்னாலும், "சென்னைக்கு வரப்போறவங்கள்ல இவ ஒருத்தி" என்று என் தோளைத் தட்டினார்.

கேள்விகள் யாருடையவை என்று நான் சொல்லவில்லை. தோழியிடமும் சென்னை விஷயத்தைச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எட்டாம் நாள் அகப்பட்டுக்கொண்டோம். நிறைவு விழாவுக்கு மாலை கட்டச் சொல்வதற்காகக் காரியதரிசி அம்மாள் அந்தக் கடைக்கே வந்தார். பின்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். நான் கவிழ்த்துப் போட்ட கூடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். தோழி ஆடிக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் நின்றதால் அவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. பதம் முடிந்த பிறகுதான், "இது நம்ம கிளாஸ் பதமில்ல?" என்ற குரல் கேட்டது. முடியும்வரை ஏன் நின்று பார்த்தார் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் என் அம்மாவையும் வகுப்புக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஹாலில் ஒன்பது பெண்கள் ஒரு பக்கம் நிற்க, அம்மா பெஞ்சில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"கழி மேல கைவச்சுச் சொன்னியே. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு. இனிமே அந்தப் பொண்ணுக்குச் சொல்லித் தர மாட்டேன்னு சொல்லு. உன் இடம் உனக்குத்தான். நான் மறந்துடறேன்" என்றார்.

அம்மா எழுந்து வந்து காதோரம், "சொல்லிருடி. ஒரு வார்த்தை, அம்புட்டுதான்" என்றார். மூன்று நாள் வாய் திறக்காமல் அப்பாவை வென்றவர், இப்போது என் வாயைத் திறக்கக் கெஞ்சினார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "வாக்கை மீறினது நெசம். அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. சொல்லிக் குடுத்தது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்க நல்ல கேள்வி, நல்ல கேள்வின்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் அவ கேட்டது."

ஆசிரியை கழியைக் கீழே வைத்தார். பிறகு, "அவளைக் கூட்டிட்டு வா. பார்க்கலாம்" என்றார்.

வெற்றி கிடைத்துவிட்டதாகவே நினைத்து ஓடினேன். அவள் கையில் வாழைநாரும் பூவுமாக உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். சென்னை விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். அவள் கூடவே வந்தாள்.

ஹாலுக்குள் வந்து நடுவில் நின்றாள். ஈரப் பாவாடை, கையில் நார்ப் பிசுபிசுப்பு. ஆசிரியை கழியை எடுத்துக்கொண்டு, "ஆடும்மா" என்றார்.

"எதுக்குங்க?"

"நல்லா ஆடினா உன்னையும் சேர்த்துக்கலாம். இவளையும் மன்னிச்சு விட்டுடலாம்."

அவள் காரியதரிசி அம்மாளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஆசிரியையை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு ஆடிக் காட்டத்தாங்க வந்தேன். நீங்க பாக்காமலே போகச் சொல்லிட்டீங்க. அவுக சொன்னாக, நீங்க சும்மா இருந்தீக. இன்னைக்கு இவளை மன்னிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு நான் ஆடணுமா? ஆட மாட்டேங்க."

திரும்பி இரண்டு எட்டு வைத்தவள், நின்று, "பதம் ரொம்ப நல்லாருக்கு. வணக்கங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஆசிரியையின் கையில் கழி அப்படியே நின்றது. நான் என் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து, எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு நடந்தார். தெருவுக்கு வந்ததும், "ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு பேரும் காலையில சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி அம்மா என்னிடம் அதற்கு மேல் கேட்டதே இல்லை.

நான் தோழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தெரு முனையில் நின்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னைக் கேக்காம எதுக்குடி என்னை அங்க கூட்டிட்டுப் போன? அவுக முன்னாடி நான் பரீட்சை எழுதணுமா? கேள்வி அம்புட்டும் என்னோடதுன்னு சொல்ல ஒனக்கு ஒம்பது நாள் ஆச்சா?"

தலை குனிந்து நின்றேன். நான் எனக்கே பெரிய வீராங்கனையாகத் தெரிந்துகொண்டிருந்தேன். அவள் கேட்ட மூன்று கேள்விகளில் அது உதிர்ந்துபோனது. வாசலில் மேஜைக்கு முன்னால் நான் வாய் திறந்திருந்தால், எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வந்தே இருக்காது.

மறுநாள் முழுக்க அவள் பேசவில்லை. நிறைவு விழாவுக்கு மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "கொட்டகையில ஆடப்போறேன். தாளம் தட்ட ஆள் இல்ல. வாரியா, வரலையா?" என்றாள். போனேன். பூக்கட்டும் பெண்கள், மூட்டை இறக்குகிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். பகல் பதினொரு மணி வெளிச்சத்தில், முகத்தில் ஒரு துளி பவுடர்கூட இல்லாமல் அவள் அந்தப் பதத்தை ஆடினாள். தோழியைத் தூது அனுப்பியவள் வாசலைப் பார்க்கும் இடம் வந்தது. கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டு அத்தனை பெண்களும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ வருகிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். கூடையில் தட்டிக்கொண்டிருந்த எனக்குத் தாளம் தப்பியது. அவளுக்குத் தப்பவில்லை.

சென்னைக்கு வேறு இரண்டு பெண்கள் போனார்கள். நல்ல பெண்கள், நன்றாக வந்திருப்பார்கள். நான் பிறகு ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டுப் பள்ளி ஆசிரியை ஆனேன். ஆடுவதை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. திண்டுக்கல்லிலேயே ஒரு வாடகை இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள். சேர்க்கைக்கு அவள் வைத்திருந்த ஒரே விதி, வந்தவர்களை ஆடச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பெயரைக் கேட்க வேண்டும் என்பது. ஆடிய யாரையும் அவள் வேண்டாம் என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

கழி மேல் கைவைத்துக் கொடுத்த வாக்கை மீறியதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்காக வருந்தாத வருடமே இல்லை. இன்றைக்கும் யாராவது என்னைப் பாராட்டினால், அதில் எது என்னுடையது என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்; யாரையாவது வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பார்த்தால், யோசிக்காமல் வாயைத் திறந்துவிடுகிறேன்.