அம்மாவும் புதன்கிழமை வண்டியும்

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் இறைவனடி சேர்ந்த எங்கள் அம்மா இலஞ்சியில் பிறந்தவர்கள். வாழ்க்கைப்பட்டு வந்தது செங்கோட்டைக்கு மேற்கே, பஸ் எட்டிப் பார்க்காத இந்த மலையடி ஊருக்கு. அப்பா இளவயதிலேயே தவறிவிட, தென்னந்தோப்பு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். அம்மாவின் பொறுமையை ஊரே புகழும். எனக்கோ அந்தப் பொறுமைமேல் கோபம்தான்.

புதன்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு நடமாடும் மருத்துவ வண்டி வரும். முதன்முதலில் வந்த அன்று, அதிலிருந்த கருவிகளுக்குக் கரண்ட் தேவைப்பட்டது. வண்டி திருப்ப இடமிருந்த முற்றமும் எங்களுடையதுதான். "இங்கனயே நிப்பாட்டுங்க" என்று அம்மா சொன்னார்கள். எங்கள் கூடத்திலிருந்து ஜன்னல் வழியாக வயர் போனது. அன்றோடு அம்மா அகப்பட்டுக்கொண்டார்கள்.

மழையில் ஓடைப் பாலம் முங்கினால் வண்டி புதனன்று வராது. வியாழனோ சனியோ, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். அதனால் எந்த நாளும் வீட்டைப் பூட்ட முடியாது. வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டும், சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். டாக்டரிடம் நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் பெண்களுக்கு உள்ளறையைத் திறந்துவிட வேண்டும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே கிளம்பும், அம்மா போனதில்லை. நான் வாழ்க்கைப்பட்ட மேலகரத்தில் என் மகள் சடங்குக்கு வந்த அம்மா, பந்தி போடும் முன்பே கிளம்பிவிட்டார்கள்.

வயர்தானே பிரச்சினை என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து வெளிச்சுவரில் பிளக் வைத்துக் கொடுத்தேன். அப்போதும் அம்மா அசையவில்லை.

"பிளக்கு வெளிய இருந்தா ஆச்சா? வாரவுகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளு வேண்டாமாட்டி?"

சென்ற ஆண்டு நெஞ்சு அடைப்பதாகச் சொன்னார்கள். வண்டி டாக்டர் சோதித்துவிட்டு, உடனே தென்காசிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அடுத்த வண்டி வந்து போகட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டார்கள். கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிப்போய்விடலாம் என்று நான் வந்த அன்று பாலம் முங்கிவிட்டது. வண்டி வர வழியில்லை, நாங்கள் போகவும் வழியில்லை. "வண்டி வந்துட்டாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை என் மடியில் உயிர் பிரிந்தது.

பதினாறு முடிந்த மறுநாள் பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றேன். ஹாரன் கேட்டது. டிரைவர் அண்ணாச்சி முற்றத்துக்குள் வராமல் தெருவிலேயே நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றார். ஆட்கள் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாசமாயிருந்த பக்கத்து வீட்டு மருமகள் மெதுவாக என்னருகில் வந்தாள்.

"மதினி, உள்ளறையத் தொறந்து விடுதியளா?"

அம்மாமேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. திறந்துவிட்டேன்.

அம்மாவின் கடைசி நேரத்தில் உடனிருந்த ஊர்ப் பெண்களுக்கும், பாலத்தைக் கயிறு பிடித்துக் கடந்து வந்து காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும், வண்டி டாக்டர், நர்ஸ், டிரைவர் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓராண்டாக மேலகரத்தில் தாமே பொங்கிச் சாப்பிடும் என் கணவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வந்துவிடுகிறேன் என்றுதான் அவர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நினைவு நாளுக்கு வந்திருக்கும் அன்பர்கள் கார், பைக் எதையும் முற்றத்தில் நிறுத்த வேண்டாம். சாரல் காலம், வண்டி எந்நேரமும் வரலாம்.

அன்பு மகள்